பெயர் கழன்ற காபரேற்றர்

அப்பாவின் 1957 மொறிஸ் மைனர் 1000ஐப் போன வருசம் திரும்ப ஓடவைக்க நினைத்தேன். ஸ்டார்ட் வந்தது. ஆனால் கறுப்புப் புகை, பெற்றோல் மணம். காபரேற்றருக்குள் இருக்கிற ஊசியை மாற்றச் சொன்னார்கள். ஊசி வாங்க மாடல் தெரியவேண்டும். மாடலைச் சொல்லும் தகட்டைக் காணவில்லை.

தயாரித்தவர் யார் என்பதில் சந்தேகமில்லை. கவிழ்த்து வைத்த மணி போன்ற அந்தத் தலையைப் பார்த்தாலே எஸ்.யு. என்று தெரிந்துவிடும். ஸ்கின்னர் யூனியன் என்பதன் சுருக்கம். லண்டனில் சப்பாத்து வியாபாரம் செய்த குடும்பத்துப் பிள்ளைகள் தொடங்கியது. அவர்களுடைய முதல் காபரேற்றருக்குள் தோல் துருத்திதான் இருந்ததாம். சப்பாத்துக்காரர் வேறு எதைத் தேடுவார்கள்? 1926இல் வில்லியம் மொறிஸ் அந்தக் கம்பனியை வாங்கிவிட்டார்.

எஸ்.யு.வில் மாடல் இலக்கம் உடலில் இருப்பதில்லை. மிதவைக் கிண்ணத்து மூடியோடு சேர்த்துத் திருகிய சின்னத் தகட்டில், ஏ.யு.சி. அல்லது ஏ.யு.டி. என்று தொடங்கும். உடலில் புடைத்திருக்கும் எண் வார்ப்பின் எண் மட்டுமே. நான் அதை நம்பி இரண்டு நாளை வீணாக்கினேன்.

பிறகு அளந்தேன். வாயின் விட்டம் 31.7 மில்லிமீற்றர், அதாவது ஒன்றேகால் அங்குலம். எஸ்.யு.காரர் அளவுக்கு வைத்த பெயர் அழகானது: ஒரு அங்குலத்துக்கு மேல் எத்தனை எட்டில் ஒரு பங்கு என்பதுதான் எண். ஒன்றேகால் என்றால் 2. ஒன்றரை என்றால் 4. ஆக இது '2'. ஆனால் எச்.2வா, எச்.எஸ்.2வா? இரண்டுக்கும் வாய் ஒரே அளவு.

அதற்குக் கீழே பார்க்கவேண்டும். பழைய எச். வகையில் கிண்ணத்து மூடியை நடுவில் ஒரே நட்டு பிடிக்கும். கிண்ணம் ஒரு கையால் உடலோடு இறுகியிருக்கும். எச்.எஸ்.ஸில் மூடிக்கு மூன்று திருகு. கிண்ணத்தின் அடியிலிருந்து மெல்லிய நைலோன் குழாய் ஜெற்றுக்குப் போகும். என்னுடையதில் மூன்று திருகு, குழாய். எச்.எஸ்.2தான். ஆனால் 1957 மைனருக்கு வந்தது எச்.2 அல்லவா!

ஊசியைக் கழற்றினேன். அதன் தண்டில் 'ஏ.என்.' என்று பொறித்திருந்தது. அது 1962இல் வந்த 1098 சி.சி. மைனரின் ஊசி. அப்பாவின் காரோ 948 சி.சி. இன்னும் விசித்திரம், ஊசியின் சரிவை யாரோ அரத்தாளால் தேய்த்து மெலியவைத்திருந்தார்கள். ஜெற்று நட்டையும் வழக்கமான இரண்டு சுற்றைத் தாண்டி மூன்றரைச் சுற்று இறக்கியிருந்தது. ஊசி மெலிந்தால், ஜெற்று இறங்கினால், எரிபொருள் கூடப் போகும். பெற்றோலுக்கு இப்படி யாரும் செய்யமாட்டார்கள்.

கொக்குவிலில் இருக்கும் பழைய மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். கையில் வாங்கின உடனேயே சிரித்தார். "தம்பி, இது மண்ணெண்ணெய் ஊசி. நான்தான் ராவினது."

1990 ஜூனில் போர் திரும்ப வெடித்தபின் வடக்குக்குப் பெற்றோல் தடை. யாழ்ப்பாணத்தில் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில்தான் ஓடின. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. ஆகவே சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். மைனரில் புகைக்குழாய் காபரேற்றருக்கு நேர் கீழே இருப்பதால் அது கொஞ்சம் ஒத்துழைக்கும். எங்கள் வீட்டில் அந்தச் சொட்டை மிதவைக் கிண்ணத்து மூடியைத் திறந்து ஊற்றினார்களாம். ஒவ்வொரு நாளும் கழற்றிப் பூட்டினால் தகடு எப்படி இருக்கும்?

"காபரேற்றர் யாற்றை அண்ணை?"

"முன்வீட்டு மாஸ்டற்றை. அவை 90இலயே வெளிக்கிட்டிட்டினம். கார் நிண்டது. உங்கட அப்பா கேட்டுக் கேட்டுத்தான் கழட்டினவர். கேக்க ஆள் இல்லை எண்டதுதான் பிரச்சினை."

1995 ஒக்டோபர் 30 இரவு, சனக்கடலுக்குள் அந்தக் கார் அப்பம்மாவையும் இரண்டு கைக்குழந்தைகளையும் ஏற்றிக்கொண்டு நாவற்குழிப் பாலத்தைக் கடந்தது. அந்தக் குழந்தைகளில் ஒன்று நான். மாஸ்டரின் கார் நின்ற இடத்தில் நாங்கள் திரும்பி வந்தபோது சேசிஸ்கூட இல்லை என்று அம்மா சொல்வார். அப்பா இந்தக் கதையைச் சொன்னதே இல்லை. தன் பழைய எச்.2வைப் பிஸ்கட் ரின்னுக்குள், எண்ணெய்த் துணியில் சுற்றி வைத்திருந்தார். தகடு அதில் அப்படியே இருக்கிறது.

மாஸ்டரின் மகள் ரொறன்ரோவில். நம்பர் தேடி எடுக்க ஒரு மாதம் பிடித்தது. எச்.2வைப் பூட்டிவிட்டேன், உங்கள் வீட்டுக் காபரேற்றரை அனுப்பி வைக்கட்டுமா என்று கேட்டேன். அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை.

"காரே இல்லை, அதை வைச்சு நான் என்ன செய்ய? நீ வைச்சிரு. அந்த ராவின ஊசியை மட்டும் ஒரு கடித உறைக்குள்ள போட்டு அனுப்பு."