தபுதார நிலைக்கு அப்பால்: தில்லியில் நிகழ்ந்த ஒரு மணமும் அதன் வரலாற்றுப் பொருளும்

முன்னுரை

தொல்காப்பியப் புறத்திணையியல் காஞ்சித்திணையின் துறைகளுள் மனைவியை இழந்த கணவனின் நிலையைத் தபுதார நிலை என்றும், கணவனை இழந்த மனைவியின் நோன்பைத் தாபத நிலை என்றும் வகுக்கிறது. மனைவியை ஈமத்தில் இட்ட பின்னும் தன் உயிர் நீங்கவில்லையே என வருந்தும் சேரமான் கோட்டம்பலத்துத் துஞ்சிய மாக்கோதையின் புறநானூற்றுப் பாடல் (245) முதல் நிலைக்குச் சான்றாகும். ஆயின், துயரைக் கடந்தோர் மீண்டும் அன்பையும் மகிழ்வையும் எய்தும் நிலைக்கு அத்துறை வரிசையில் பெயரில்லை. பெயரில்லாத அந்நிலைக்கு இருபதாம் நூற்றாண்டுத் தில்லி தரும் சான்று ஒன்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

இரு இழப்புகள்

சிந்தாமன் துவாரகாநாத் தேஷ்முக் (1896-1982) இந்திய ரிசர்வ் வங்கியின் முதல் இந்திய ஆளுநர். 1950இல் நடுவண் நிதியமைச்சரானவர். காளிதாசரின் மேகதூதத்தை மராத்திக் கவிதையாக்கியவர். 1920இல் அவர் மணந்த ஆங்கிலேயப் பெண்மணி ரோசினா 1949இல் காலமானார். உயர்பதவிகள் அடுத்தடுத்து வந்த அவ்வாண்டுகளே அவருக்குத் தனிமையின் ஆண்டுகளாகவும் அமைந்தன.

துர்காபாய் (1909-1981) இழந்தது வேறு வகையது. இராஜமுந்திரியில் பிறந்த அவருக்கு எட்டு வயதில் மணம் முடிக்கப்பட்டது. பருவமெய்திய பின் அம்மணவாழ்வை ஏற்க மறுத்துக் கல்வியை நாடினார். அவர் இழந்தது ஒரு துணையையன்று. துணையைத் தாமே தேர்ந்துகொள்ளும் உரிமையை எனலாம். உப்புச் சத்தியாகிரகத்தில் ஈடுபட்டு வேலூர், மதுரைச் சிறைகளில் இருந்தார். சென்னையில் சட்டம் பயின்று வழக்கறிஞரானார். 1937இல் அங்கே ஆந்திர மகிள சபையை நிறுவினார். பின்னர் அரசியல் நிர்ணய சபையிலும் இடம்பெற்றார்.

இவ்விரு இழப்புகளையும் சமூகம் ஒரே கோலால் அளக்கவில்லை. மனைவியை இழந்த ஆடவனின் மறுமணத்திற்குத் தடை எழுந்ததில்லை. கைம்பெண் மறுமணத்திற்கு 1856ஆம் ஆண்டுச் சட்டம் வழிதிறந்தும் வழக்கம் இசையவில்லை. கணவன் உயிருடனிருக்கப் பிரிந்து வாழ்ந்த இந்துப் பெண்ணின் நிலை இன்னும் இடர்ப்பாடானது. சென்னை மாகாணம் 1949இல் மணவிலக்குச் சட்டம் இயற்றியபோதிலும், இந்தியா முழுமைக்குமான இந்துத் திருமணச் சட்டம் 1955இல்தான் வந்தது. தாபத நிலையின் நிழல் எத்துணை நீண்டிருந்தது என்பது இதனாற் புலனாகும்.

1953: தில்லி

1952ஆம் ஆண்டுத் தேர்தலில் தோல்வியுற்ற துர்காபாய் திட்டக்குழுவின் உறுப்பினராக நியமிக்கப்பட்டார். நிதியமைச்சராகிய தேஷ்முக்கும் அக்குழுவில் இருந்தார். பணி வழியே வளர்ந்த நட்பு 1953 சனவரி 22இல் மணமாயிற்று. சாட்சியாக ஒப்பமிட்ட மூவருள் பிரதமர் நேரு ஒருவர். அப்போது மணமகனுக்கு 57 வயது, மணமகளுக்கு 43. நாட்டின் தலைநகரில், தலைமையமைச்சரின் ஒப்பத்துடன் நிகழ்ந்த இம்மணம், இழப்பிற்குப் பின் இன்பம் நாடுதல் குற்றமன்று என்பதைச் சொல்லாமற் சொல்லியது.

மகிழ்ச்சியின் வடிவம்

அம்மகிழ்ச்சி இல்லத்தின் எல்லைக்குள் அடங்கவில்லை. அதே ஆண்டில் தொடங்கப்பெற்ற நடுவண் சமூகநல வாரியத்தின் முதல் தலைவர் துர்காபாயே. கல்வி இடைமுறிந்த வயதுவந்த பெண்களுக்கான சுருக்கக் கல்வித் திட்டத்தை அவ்வாரியம் 1958இல் தொடங்கியது. தாம் அரிதிற் பெற்றதைப் பிறர் எளிதிற் பெறவேண்டும் என்னும் எண்ணம் இதில் வெளிப்படுகிறது. தேஷ்முக் 1956இல் அமைச்சர் பதவியைத் துறந்தபின் பல்கலைக்கழக மானியக்குழுத் தலைவராகவும், தில்லிப் பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும் பணியாற்றினார். லோதி தோட்டத்தை அடுத்து 1962இல் திறக்கப்பெற்ற இந்தியப் பன்னாட்டு மையத்தின் உருவாக்கத்தில் அவருக்குப் பெரும்பங்குண்டு. அவ்வாண்டிலேயே துர்காபாய் சமூக வளர்ச்சிக் கழகத்தை நிறுவினார். இறந்தோருக்கு எழுந்த லோதியர் கல்லறைகளின் அருகே, வாழ்வோருக்கான இவ்விரு நிறுவனங்களும் அமைந்தன. 1975இல் இருவருக்கும் பத்ம விபூஷண் விருது வழங்கப்பெற்றது.

துர்காபாய் தம் தன்வரலாற்றிற்குச் 'சிந்தாமனும் நானும்' என்னும் பொருளில் ஆங்கிலத்தில் தலைப்பிட்டார். எட்டு வயதில் தம் இசைவின்றி ஒரு பெயரோடு இணைக்கப்பட்டவர், எழுபதாம் அகவையில் தாமே விரும்பி ஒரு பெயரைத் தம் பெயருடன் இணைத்துக்கொள்கிறார். 'நானும்' என்னும் சொல் அங்கே கரையவில்லை என்பதும் கருதத்தக்கது. 1981 மே மாதம் துர்காபாய் மறைந்தார். மீண்டும் தபுதார நிலை எய்திய தேஷ்முக் 1982 அக்டோபரில் மறைந்தார்.

முடிவுரை

மீண்டும் பெற்ற அன்பு இழப்பை அழிப்பதில்லை. பின்னர் வரும் இழப்பைத் தடுப்பதுமில்லை. ஓர் இல்லத்தில் சாப்பறையும் மற்றோர் இல்லத்தில் மணமுழவும் ஒலிக்கும் இவ்வுலகில் இனியன காண்க என்னும் பக்குடுக்கை நன்கணியாரின் நோக்கும் (புறம். 194) அதுவே. அவர் இரு மனைகளில் கேட்ட ஒலிகளை இவ்விருவரின் வாழ்வு ஒரே மனையில் கேட்டது. 2018இல் திறக்கப்பட்ட தில்லி மெட்ரோ நிலையம் ஒன்று துர்காபாய் தேஷ்முக்கின் பெயரைத் தாங்குகிறது. அப்பெயரின் முற்பகுதி அவர் பிறப்பிற் பெற்றது. பிற்பகுதி, இழந்த உரிமையை மீட்டு அவர் தாமே தேர்ந்துகொண்டது.