செனகல் துப்பாக்கிப் படை

பிரெஞ்சு ஆட்சியாளர்கள் மேற்கு ஆப்பிரிக்க மக்களைக் கொண்டு அமைத்த காலாட்படை செனகல் துப்பாக்கிப் படை. செனகலின் ஆளுநராக இருந்த லூயி ஃபெதெர்பின் முயற்சியில், மூன்றாம் நெப்போலியன் 1857 ஜூலை 21 அன்று பிறப்பித்த ஆணையால் இது தோன்றியது. ஆப்பிரிக்கக் குடியேற்ற நாடுகள் விடுதலை பெற்ற 1960-ஐ ஒட்டிக் கலைக்கப்பட்டது. ஆரம்பத்தில் சேர்ந்தவர்களில் பலர் அடிமைகள். எசமானர்களுக்குப் பணம் கொடுத்து அவர்களை மீட்ட அரசு, அந்தக் கடனைப் பல ஆண்டுப் படைச் சேவையாக வசூலித்தது. செனகல் என்ற பெயரும் முழு உண்மையன்று. இன்றைய மாலி, கினி, புர்கினா ஃபாசோ, ஐவரி கோஸ்ட், பெனின் ஆகிய பகுதிகளிலிருந்து வந்தவர்களும் அந்த ஒரே பெயரில் அடக்கப்பட்டார்கள்.

ஆப்பிரிக்காவைப் பிடிப்பதற்கென்று உருவான இந்தப் படையை ஐரோப்பாவுக்குக் கொண்டுவர வேண்டும் என்று வாதாடியவர் ஷார்ல் மான்ஷான் என்ற அதிகாரி. பிரான்சில் பிறப்பு விகிதம் குறைந்துவருகிறது, ஜெர்மனியின் ஆள்பலத்துக்கு ஆப்பிரிக்காவே ஈடு என்று 1910-இல் ‘கறுப்புப் படை’ என்ற நூலில் அவர் எழுதினார். 1912-இல் கட்டாய ஆள்சேர்ப்பு ஆணை வந்தது. முதல் உலகப் போரில் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து ஏறத்தாழ 2 லட்சம் பேர் திரட்டப்பட்டார்கள். அவர்களில் சுமார் 1,35,000 பேர் ஐரோப்பியக் களங்களில் போரிட்டார்கள். 30,000 பேர் அளவில் இறந்தார்கள். ஊர்த் தலைவர்களிடம் இத்தனை பேர் என்று கணக்குக் கேட்கப்பட்டதால், எதிர்த்துப் பேச வழியற்ற வீடுகளின் பிள்ளைகளே முதலில் போனார்கள். இளைஞர்கள் காட்டுக்குள் ஓடினார்கள், எல்லை தாண்டினார்கள். 1915 இறுதியில் வோல்ட்டா, பானி ஆற்றுப் பகுதிகளில் மூண்ட பெருங்கிளர்ச்சிக்கு ஆள்பிடிப்பு முக்கியக் காரணம். பீரங்கிகளைக் கொண்டு, ஊர் ஊராக அழித்து அது அடக்கப்பட்டது.

ஐரோப்பாவின் குளிர் தாங்காமல் வீரர்கள் நோயுற்றதால், குளிர்காலம் முழுவதும் அவர்களைத் தென் பிரான்சின் முகாம்களுக்கு அனுப்பும் வழக்கம் ஏற்பட்டது. ஃப்ரெழுஸ் அவற்றில் பெரியது. பம்பாரா, வோலோஃப் எனப் பல மொழி பேசியவர்களுக்குக் கட்டளை புரிய வேண்டும் என்று, வினைச்சொல்லைத் திரிக்காத ஒரு குறைப் பிரெஞ்சைக் கற்பிக்க 1916-இல் கையேடே அச்சிட்டார்கள். இராணுவம் திட்டமிட்டுச் சொல்லிக்கொடுத்த அந்த மொழியைத்தான் பிறகு விளம்பரங்களும் நகைச்சுவைப் படங்களும் ஆப்பிரிக்கரின் அறியாமைக்குச் சான்றாகக் காட்டின. இந்த அநீதி போர்க்கள அநீதிகளுக்குக் குறைந்ததன்று.

1917 ஏப்ரல் 16. ஷெமான் தே தாம் மேட்டின் மீது நடந்த தாக்குதலில் மான்ஷானின் படைத்தொகுதியில் செனகல் பட்டாலியன்கள் முன்வரிசையில் ஏறின. பனியும் மழையும் கலந்து கொட்டிய காலை அது. விரல் விறைத்துத் துப்பாக்கியைப் பிடிக்க முடியாதவர்கள் இயந்திரத் துப்பாக்கிகளின் எதிரே நின்றார்கள். ஆயிரக்கணக்கானோர் வீழ்ந்தார்கள். பிரெஞ்சு நாடாளுமன்றத்தின் முதல் கறுப்பின ஆப்பிரிக்க உறுப்பினரான பிளேஸ் தியாங், ஜூன் மாத இரகசியக் கூட்டத்தில் மான்ஷானைக் கடுமையாகக் குற்றம் சாட்டினார். ஆனால் 1918-இல் பிரதமர் கிளெமான்சோ கேட்டுக்கொண்டபோது, அதே தியாங் மேற்கு ஆப்பிரிக்காவெங்கும் பயணம் செய்து 60,000-க்கும் மேற்பட்டோரைச் சேர்த்துக்கொடுத்தார். இரத்தம் சிந்தினால் உரிமை கிடைக்கும் என்று அவர் நம்பினார். செனகலின் நான்கு நகராட்சிகளில் பிறந்தவர்களுக்குக் குடியுரிமையை 1916-இலேயே சட்டமாக்கியவர் அவர்; அந்த நம்பிக்கைக்கு ஓர் அடிப்படை இருந்தது. மற்ற ஊர்க்காரர்களுக்கு அளித்த வாக்குறுதிகளில் பெரும்பகுதி நிறைவேறவில்லை.

இரண்டாம் உலகப் போரில், 1940 ஜூனில் ஜெர்மானியர் பிடித்த ஆப்பிரிக்க வீரர்கள் பல இடங்களில் வெள்ளையரிடமிருந்து பிரிக்கப்பட்டுச் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். லியோன் அருகே ஷாஸ்லேயில் வீழ்ந்தவர்களின் உடல்களைத் தேடிச் சேர்த்தவர் ழான் மர்ஷியானி என்ற அதிகாரி. ஆப்பிரிக்க மண்கோட்டையைப் போன்ற செந்நிறச் சுற்றுச்சுவருடன் அவர் எழுப்பிய கல்லறைத் தோட்டம் 1942-இல் திறக்கப்பட்டது. அந்த ஜூனில் பிடிபட்டு உயிர் தப்பிய கைதிகளில் ஒருவர் பின்னாளில் செனகலின் முதல் குடியரசுத் தலைவரான கவிஞர் செங்கோர்.

1944 ஆகஸ்டில் தென் பிரான்சில் இறங்கித் தூலோனை மீட்ட படையிலும் இவர்கள் இருந்தார்கள். இலையுதிர் காலம் வந்ததும் 15,000 முதல் 20,000 வரையான ஆப்பிரிக்கர்களைக் களத்திலிருந்து விலக்கி, உள்நாட்டு எதிர்ப்பியக்க இளைஞர்களை அந்த இடத்தில் நிறுத்தினார்கள். அதிகாரிகளே இதற்கு வைத்த பெயர் ‘வெளுப்பாக்குதல்’. குளிரைக் காரணம் சொன்னார்கள். பாரிஸ் அரசியலுக்கு வெள்ளை முகங்கள் தேவைப்பட்டதும் காரணம். அதே ஆண்டு டிசம்பர் 1 அன்று, டாக்கரை அடுத்த தியாரோய் முகாமில், சிறைக்காலச் சம்பள நிலுவையைக் கேட்ட முன்னாள் போர்க்கைதிகள் மீது பிரெஞ்சு இராணுவம் துப்பாக்கிச் சூடு நடத்தியது. அரசுக் கணக்கு 35 பேர். உண்மை எண்ணிக்கை பல மடங்கு என்று ஆய்வாளர் பலர் வாதிடுகிறார்கள். தப்பியவர்களில் 34 பேருக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. இந்தப் படையில் பணியாற்றியிருந்த உஸ்மான் செம்பேன் 1988-இல் இதைத் திரைப்படமாக்கினார். அது படுகொலையே என்று பிரெஞ்சுக் குடியரசுத் தலைவர் 2024 நவம்பரில்தான் ஒப்புக்கொண்டார்.

ஓய்வூதியத்திலும் இதே கதை. நாடுகள் விடுதலை பெறும்போது இவர்கள் அயல்நாட்டவர் ஆகிவிடுவார்கள் என்று சொல்லி, 1959 இறுதியில் இயற்றிய நிதிச் சட்டத்தால் தொகையை அன்றைய அளவிலேயே நிறுத்திவிட்டது பிரான்ஸ். புதுச்சேரியில் ‘சொல்தா’ என்று அழைக்கப்படும் முன்னாள் பிரெஞ்சுப் படையினரை நம் வாசகர்கள் அறிவார்கள். பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்கவைத்துக்கொண்ட சொல்தாக்களின் ஓய்வூதியம் பிரான்சில் ஏறியபடியே ஏறியது. அதே கொடியின் கீழ் போரிட்ட ஆப்பிரிக்கருக்கோ விலைவாசி ஏற ஏற அது சில்லறையாகத் தேய்ந்தது. 2001-இல் பிரான்சின் உயர் நிர்வாக நீதிமன்றம் இந்த வேறுபாட்டைக் கண்டித்தது. 2007 முதல் போர்க்கால ஓய்வூதியங்கள் சமமாக்கப்பட்டன.

முதியோர் உதவித்தொகை பெற மட்டும் ஆண்டில் பாதியைப் பிரான்சில் கழித்தாக வேண்டும் என்ற விதி நீடித்தது. அதற்காகவே பலர் மனைவி மக்களைப் பிரிந்து பாரிஸ் புறநகர் விடுதிகளில் ஒற்றை அறையில் வாழ்ந்தார்கள். 2023 தொடக்கத்தில் அந்த விதி தளர்த்தப்பட்டது. அந்த ஏப்ரலில் முதல் குழுவாக 9 பேர் டாக்கருக்கு விமானம் ஏறினார்கள். எல்லாரும் 80 வயதைக் கடந்தவர்கள். சிலருக்கு 90-க்கும் மேல்.