மலையில் ஓர் ஊசி, நகரில் ஓர் ஊசி

திருவனந்தபுரத்தில் 1837-இல், சுவாதித் திருநாள் ஆட்சியில் தோன்றிய வானாய்வகத்துக்கு 1852-இல் இயக்குநராக வந்தவர் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜான் ஆலன் பிரௌன். காந்த ஊசி உண்மை வடக்கிலிருந்து விலகி நிற்கும் கோணத்தை அளப்பதே அவர் ஆய்வின் மையம். 1855-இல் அகத்தியமலையில், ஏறத்தாழ ஆறாயிரம் அடி உயரத்தில், இரண்டாவது ஆய்வகம் ஒன்றையும் அவர் அமைத்தார்.

அந்த ஊசி ஓரிடத்தில் நில்லாதது. நாளின் பொழுதுக்கும் பருவத்துக்கும் ஏற்ப அசையும். காந்தப் புயலில் தடுமாறும். மலையில் ஒரு மாதமும் நகரில் வேறொரு மாதமும் அளந்து சராசரிகளை ஒப்பிட்டால், தெரிவது உயரத்தின் விளைவா, காலத்தின் விளைவா என்று பிரிக்க இயலாது. ஒரே நேரத்தில் இரண்டிடத்தும் அளந்து ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால், இரண்டுக்கும் பொதுவான அசைவு நீங்கிவிடும். இணைத்தரவின் முழு வலிமையும் இந்தக் கழித்தலில்தான் இருக்கிறது.

எஞ்சிய வேறுபாடு தற்செயலா என்று சிறு மாதிரிகளில் தீர்மானிக்கும் கணிதம் 1908-இல்தான் வந்தது. டப்ளின் கின்னஸ் மதுவாலையில் பணியாற்றிய கோசெட், 'ஸ்டூடண்ட்' என்ற புனைபெயரில், பத்து நோயாளிகள் இரண்டு மருந்துகளால் பெற்ற கூடுதல் உறக்கத்தை ஒப்பிட்டார். (மருந்துகளின் பெயர்களை அவர் பிழையாகக் குறித்தார், கணக்கு அதனால் கெடவில்லை.) வேறுபாட்டின் சராசரி 1.58 மணி. இணைச் சோதனையில் பி-மதிப்பு 0.003-க்கும் குறைவு. அதே எண்களைத் தொடர்பற்ற இரு குழுக்களாகக் கொண்டால் அது 0.08-ஐ நெருங்கும், உண்மையான வேறுபாடு 'இல்லை' என்று ஒதுக்கப்பட்டுவிடும்.

அப்பத்து வேறுபாடுகளில் ஒன்று 4.6 மணி, ஏனையவற்றிலிருந்து வெகுதூரம் விலகியது. டி-சோதனை இயல்நிலைப் பரவலை எதிர்பார்ப்பது இந்த வேறுபாடுகளிடம்தான், மூல அளவுகளிடம் அன்று. ஆய்வேடுகள் பலவும் சறுக்குமிடம் இது. 1945-இல் பிராங்க் வில்காக்சன் முன்வைத்த தரவரிசை முறையில் அந்த 4.6 வெறும் ஒன்பதாம் தரமாக அடங்கிவிடுகிறது. சுழிய வேறுபாடு கணக்கில் சேராது. ஆயினும் வேறுபாடுகள் நடுமதிப்பின் இருபுறமும் சமச்சீராகப் பரவியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை அதற்கும் உண்டு. அதுவும் பொருந்தாவிடில், கூட்டல் எத்தனை, கழித்தல் எத்தனை என்று மட்டும் எண்ணும் குறிச் சோதனை போதும்.

பிரௌனின் மணிவாரிப் பதிவுகளை இன்று ஒருவர் கையிலெடுத்தால், இம்மூன்றையும் அப்படியே ஏவ முடியாது. பத்து மணிக்குரிய வேறுபாடு ஒன்பது மணிக்குரியதை ஒத்திருக்கும். சோதனைகளோ ஒவ்வோர் இணையும் மற்றதைச் சாராதது என்று கொள்கின்றன. நாள் சராசரிகளாகச் சுருக்கினாலும் அடுத்தடுத்த நாட்களின் உறவு மிஞ்சும். அதை முதலில் அளந்தறிய வேண்டியிருக்கும்.