வலங்கை வீதி, இடங்கை வீதி

சென்னையில் பிராட்வே என்று இன்றும் வழங்கும் பிரகாசம் சாலைக்கு மேற்கே பெத்துநாயக்கன்பேட்டை, கிழக்கே முத்தியால்பேட்டை. நடுவே இருந்தது தண்ணீர் தேங்கும் பள்ளம். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்டீபன் போப்பம் என்ற வழக்கறிஞர் அதைத் தூர்த்துச் சாலையாக்கினார். மூட்டை வண்டிகளுக்கு நடுவே ஒதுங்கி ஒதுங்கி அந்தச் சாலையைக் கடப்பவர்கள், ஒரு காலத்தில் வலது கைக்கு ஒதுக்கிய பேட்டையிலிருந்து இடது கைக்கு ஒதுக்கிய பேட்டைக்குப் போகிறார்கள்.

கை என்றால் இங்கே உடம்பின் கை அல்ல. சோழர் காலம் தொடங்கி எட்டு நூற்றாண்டுகளுக்கு மேலாகத் தமிழகத்துச் சாதிகளில் பெரும்பாலானவை வலங்கை, இடங்கை என்று இரண்டு அணிகளாக நின்றன. ஒவ்வொரு அணியிலும் 98 சாதிகள் என்பது வழக்கமான கணக்கு. வேளாளர், கோமுட்டிச் செட்டிகள், பறையர் முதலானோர் வலங்கை. தச்சர், கொல்லர், தட்டார், கன்னார், சிற்பியர் ஆகிய கம்மாளர், பேரிச் செட்டிகள், இன்று அருந்ததியர் எனப்படும் தோல் தொழிலாளர் முதலானோர் இடங்கை. நிலத்தையும் விளைச்சலையும் சார்ந்தவர்கள் வலப்பக்கம், கைத்தொழிலையும் அதன் வணிகத்தையும் சார்ந்தவர்கள் இடப்பக்கம் என்று பொதுவாகச் சொல்லலாம். ஊருக்கு ஊர் இது மாறியதும் உண்டு.

இடது கையால் பரிமாறினால் பந்தியே முகம் சுளிக்கும் நாட்டில், இடங்கை என்றால் தாழ்ந்த கை என்று நினைக்கத் தோன்றும். அது சரியல்ல. பூணூல் அணிந்த கம்மாளரும் கப்பலில் சரக்கு ஏற்றிய பெருவணிகரும் இடங்கையில் இருந்தார்கள். காஞ்சிபுரத்தில் காளியின் முன்னிலையில் இந்தப் பிரிவு ஏற்பட்டதாக ஒரு கதை உண்டு. கல்வெட்டுகள் வேறு தடயம் தருகின்றன. முதலாம் ராஜராஜனின் தஞ்சைக் கல்வெட்டுகளில் வலங்கை என்பது படைப்பிரிவுகளின் பெயரில் வருகிறது. இலங்கையின் பொலன்னறுவையில், புத்தரின் தந்ததாதுக் கோயிலைக் காக்கப் பொறுப்பேற்ற வேளைக்காரப் படையினர் பொறித்த 12-ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டிலும் இரண்டு கைகளும் இடம்பெறுகின்றன.

பகையும் சோழர் காலத்திலேயே தொடங்கிவிட்டது. முதலாம் குலோத்துங்கன் பட்டமேறிய இரண்டாம் ஆண்டில், ராஜமகேந்திர சதுர்வேதிமங்கலத்தில் இரு கையாரும் மோதிக்கொண்டதில் ஊரே தீக்கிரையானது.

எதற்காக இவ்வளவு? பெரும்பாலும், அன்றாட வாழ்வின் மரியாதைகளுக்காக. கல்யாணப் பந்தலுக்கு எத்தனை கால் நடலாம், யார் குடை பிடிக்கலாம், யார் செருப்போடு நடக்கலாம், யார் பல்லக்கில் ஏறலாம், எந்தக் கொடியைத் தூக்கலாம், எந்தத் தெருவழியாக மேளம் கொட்டிப் போகலாம் என்பவையே வழக்குகள். பந்தலுக்கு 12 கால் வலங்கைக்கே உரிமை, இடங்கைக்கு 11 தான் என்றுகூட வாதாடினார்கள். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென்னிந்தியாவில் வாழ்ந்த பிரெஞ்சுப் பாதிரியார் அபே துபுவா, தாம் நேரில் பார்த்த ஒரு சண்டையைப் பதிவு செய்திருக்கிறார். பொது விழா ஒன்றுக்குத் தோல் தொழிலாளி ஒருவர் தலைப்பாகையில் சிவப்புப் பூச் செருகிக்கொண்டு வந்தார். அது வலங்கைக்கு மட்டுமே உரிய உரிமை என்று பறையர்கள் எதிர்த்தார்கள். அந்தப் பூவுக்காகத்தான் சண்டை.

இந்த வரலாற்றில் மனம் மிகவும் கனக்கும் இடம் இதுதான். மரியாதையின் பெரும்பங்கு வணிகருக்கும் நிலக்காரருக்கும் போய்ச் சேர்ந்தது. தெருவில் இறங்கி அடிபட்டவர்களோ இரு அணிகளிலும் கடைசியில் நிறுத்தப்பட்டவர்கள். சில ஊர்களில் தோல் தொழிலாளர் குடும்பங்களில் ஆண்கள் இடங்கை, பெண்கள் வலங்கை என்றும், சச்சரவு மூண்ட நாட்களில் மனைவியர் கணவரைச் சேரவிடுவதில்லை என்றும் 19-ஆம் நூற்றாண்டின் பதிவுகள் சொல்கின்றன.

சென்னைப் பட்டணம் 1639-இல் பிறந்தது. 1652-இலேயே இரு கையாரும் இங்கே மோதினார்கள். ஆரன் பேக்கர் தலைமையிலிருந்த ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி நிர்வாகம், இன்ன தெரு இன்னாருக்கு என்று பங்கு பிரித்தது. கல்யாண ஊர்வலமும் சவ ஊர்வலமும் அவரவர் தெருவோடு நிற்க வேண்டும். பழைய பகைக்கு வெள்ளைக்காரன் போட்ட முதல் எல்லைக்கோடு அது. நகரம் வளர வளர அந்தக் கோடு போதவில்லை.

1707-இல் ஒரு கல்யாண ஊர்வலம் அடுத்த கையாரின் தெருவுக்குள் நுழைந்ததாகத் தகராறு. ஆளுநர் தாமஸ் பிட் இரு தரப்பிலும் தலைவர்களை அழைத்து, பேசித் தீர்த்துக்கொள்ளச் சொன்னார். தீரவில்லை. எல்லையைக் குறிக்கக் கல் நட்டார்கள், கல்லின் மேலும் சண்டை வந்தது. வலங்கையார் பலர் பட்டணத்தை விட்டு வெளியேறிச் சாந்தோமில் போய் இருந்துகொண்டார்கள். கம்பெனிக்குத் துணி வாங்கிக் கொடுத்தவர்கள் இரு கைகளிலும் இருந்த வணிகர்கள். அதனால் ஒரு கை கோபித்துக்கொண்டாலும் லண்டனுக்குப் போகும் சரக்குக்கு ஆபத்து. ஆலோசனைக் குழுவிலிருந்த வில்லியம் ஃப்ரேசர்தான் கலகத்தைத் தூண்டுகிறார் என்று சந்தேகித்து பிட் அவரைப் பதவிநீக்கமே செய்தார். அதே ஃப்ரேசர் 1709-இல் ஆளுநரானார். கடைசியில் பெத்துநாயக்கன்பேட்டை வலங்கைக்கு, முத்தியால்பேட்டை இடங்கைக்கு என்று முடிவானது. பாண்டிச்சேரியில் பிரெஞ்சுக்காரருக்கும் தரங்கம்பாடியில் டேனியருக்கும் இதே வழக்குகள் வந்து சேர்ந்தன.

இரு கைகளும் ஒன்று சேர்ந்ததும் உண்டு. பள்ளிக்கூடப் புத்தகங்களில் இடம்பெற வேண்டிய நிகழ்ச்சி அது. 1429-இல், விஜயநகர அரசன் இரண்டாம் தேவராயன் காலத்தில், வரிச்சுமையும் அதிகாரிகளின் கெடுபிடியும் தாங்காமல் வலங்கை 98-உம் இடங்கை 98-உம் கூடித் தீர்மானம் போட்டன. அரச அதிகாரிகளும் பிராமண, வேளாளக் காணியாளர்களும் சேர்ந்துகொண்டு வதைக்கிறார்கள் என்று பெயர் சொல்லிக் குற்றம் சாட்டின. அவர்களுக்கு யாரும் புகலிடம் தரக்கூடாது, கணக்கு எழுதிக் கொடுக்கக்கூடாது, வரி இன்ன அளவுதான் என்று கல்லிலேயே வெட்டி வைத்தார்கள். திருவைகாவூர், ஆடுதுறை, கொறுக்கை முதலிய ஊர்க் கோயில்களில் இத்தகைய கல்வெட்டுகள் கிடைத்துள்ளன. ஜப்பானிய வரலாற்றறிஞர் நொபொரு கராஷிமா இவற்றை ஊன்றிப் படித்து எழுதியிருக்கிறார். சாதி அணிகளாகப் பிரிந்து நின்றவர்கள் வரிக்கு எதிராக ஒரே கையெழுத்தில் நின்றார்கள் என்பது சாதாரணச் செய்தியல்ல.

19-ஆம் நூற்றாண்டில் பொது வீதி எல்லாருக்கும் பொது என்ற கொள்கை நீதிமன்றங்களில் வேரூன்றியது. சாதிச் சங்கங்கள் தனித்தனியே எழுந்தன. அணிகளுக்கு வேலை குறைந்தது. ஆனாலும் 1960-களில் கொங்கு நாட்டில் காங்கேயம் வட்டாரத்தில் தங்கி ஆய்வு செய்த மானிடவியலாளர் பிரெண்டா பெக், பிரிவின் சுவடுகளை அங்கே கண்டார். நிலம் வைத்திருந்த கவுண்டர்களைச் சுற்றி வலங்கை மரபும், அவர்களை அண்டி வாழாத ஆசாரிகள், செட்டிகளிடம் இடங்கை மரபும் சடங்கிலும் உறவுமுறையிலும் வேறுபட்டு நின்றன. அந்த ஆய்வு 1972-இல் நூலாக வெளிவந்தபோது, அந்த ஊர்களிலேயே இளைய தலைமுறையில் பலருக்குத் தங்கள் குடும்பம் எந்தக் கை என்பது தேவைப்படாத விஷயமாகியிருந்தது.