கௌதாரியும் ரஷ்ய டெண்டரும்

போன வாரம் என்னோட பழைய இடுகை ஒண்ணைத் தேடிக்கிட்டு இருந்தேன். தாத்தா கௌதாரிக்குக் கண்ணி வைத்த கதை. தேடுபெட்டியில் 'கௌதாரி' என்று அடித்தால் ஒன்றுமே வரவில்லை. எழுதியது நான்தான், கண் முன்னால் படித்த ஞாபகமும் இருக்கிறது. அரைமணி நேரம் தலையைப் பிய்த்துக்கொண்ட பிறகுதான் பிடிபட்டது. அன்றைக்கு அவசரத்தில் 'கெளதாரி' என்று அடித்திருக்கிறேன். அதாவது ககரம், ஒற்றைக் கொம்பு, பக்கத்தில் ளகரம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். கணினிக்கு மட்டும் அது வேறு சொல்.

நம்மில் பாதிப் பேர் இந்தத் தப்பைச் செய்திருப்போம். நமக்கு இது கைப்பிசகு. ஆனால் இதே சங்கதியை வேண்டுமென்றே செய்து காசு பார்த்த கதை ஒன்று ரஷ்யாவில் உண்டு. அதைச் சொல்லத்தான் இந்த இடுகை.

அரசுக் கொள்முதலுக்கு ரஷ்யா 2005-ல் ஒரு சட்டம் போட்டது. 94-வது கூட்டாட்சிச் சட்டம். 2006 ஜனவரி 1 முதல் நடைமுறை. ரோடு போடுவதோ, ஆஸ்பத்திரிக்கு மருந்து வாங்குவதோ, எதுவானாலும் டெண்டர் அறிவிப்பை இணையத்தில் போட்டாக வேண்டும். முதலில் மாகாணத்துக்கு ஒன்றாகத் தளங்கள் சிதறிக் கிடந்தன. 2011 ஜனவரி 1 முதல் நாடு முழுமைக்கும் ஒரே தளம் என்று ஆக்கினார்கள். யார் வேண்டுமானாலும் போய்த் தேடலாம். கேட்க நன்றாகத்தானே இருக்கிறது?

இப்போ ரஷ்ய எழுத்தைப் பற்றி ஒரு நிமிஷம். அவர்களுடைய சிரில்லிக் எழுத்தில் சில, ஆங்கில எழுத்துக்கு இரட்டைப் பிள்ளை மாதிரி இருக்கும். 'ஏ', 'ஓ', 'ஈ' வடிவங்கள் அங்கேயும் உண்டு. ஆங்கில 'பி' வடிவம் அங்கே ரகரம். ஆங்கில 'சி' வடிவம் அங்கே ஸகரம். பழுதுபார்ப்பதற்கு ரஷ்யச் சொல் 'ரெமோந்த்'. ஆறு எழுத்து. அதில் மூன்றுக்கு ஆங்கில இரட்டை இருக்கிறது. அந்த மூன்றில் ஒன்றை மட்டும் ஆங்கிலத்தில் அடித்துவிட்டால் போதும். அறிவிப்பு தளத்தில் இருக்கும், திறந்து பார்த்தால் படிக்கவும் முடியும், ஆனால் தேடினால் வராது!

இதைத்தான் பல அலுவலகங்களில் செய்தார்கள். சில இடங்களில் சொல்லுக்கு நடுவே இடைவெளி விட்டார்கள், கோடு போட்டார்கள். ஓகாரத்துக்குப் பதில் பூஜ்யம் போட்டவர்களும் உண்டு. சட்டம் கேட்டது அறிவிப்பை வெளியிட வேண்டும் என்று. வெளியிட்டாச்சு. அப்புறம் என்ன?

லாபம் எங்கே வருகிறது என்று கேட்பீர்கள். அறிவிப்பின் எண் வேண்டப்பட்ட காண்ட்ராக்டருக்கு மட்டும் தெரியும். மற்றவர்கள் கண்ணில் அது படவே படாது. ஒரே ஒருத்தர் மட்டும் வந்தால் ஏலம் நடக்கவில்லை என்று எழுதிவிட்டு, வந்த அந்த ஒருவருடனேயே ஒப்பந்தம் போட வழி இருந்தது. போட்டி இல்லாததால் விலை இறங்காது. ஆரம்ப விலைக்கே வேலை கைக்கு வந்துவிடும். மிச்சத்தை உங்கள் கற்பனைக்கே விட்டுவிடுகிறேன் :-)

இது சில்லறைத் திருட்டு இல்லை. 2010 அக்டோபரில் அதிபர் மெத்வெதெவிடம் அவருடைய கட்டுப்பாட்டுத் துறைத் தலைவரே ஒரு கணக்கு சொன்னார். கொள்முதலை ஒழுங்குபடுத்தினாலே ஆண்டுக்கு ஒரு லட்சம் கோடி ரூபிளுக்கு மேல் மிச்சமாகுமாம். அந்த டிசம்பரில்தான் அலெக்ஸெய் நவால்னி 'ரோஸ்பில்' என்ற தளத்தைத் தொடங்கினார். அரசுப் பணத்தைக் கூறு போடுவதற்கு ரஷ்யக் கொச்சையில் 'ரஸ்பில்' என்பார்கள், அதாவது ரம்பத்தால் அறுப்பது. தளத்தின் சின்னத்தில் ரஷ்யாவின் இரட்டைத்தலைக் கழுகு கையில் ரம்பங்களோடு நிற்கும். சந்தேகமான டெண்டர்களைச் சாதாரண ஜனங்கள் தேடி அனுப்ப, வக்கீல்கள் புகார் எழுதினார்கள். செலவுக்கு ஜனங்கள் அனுப்பிய சின்னச் சின்னத் தொகைகள்.

எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான். ஒளிக்கப் போட்ட வேஷமே காட்டிக் கொடுத்துவிட்டது. தேடும் நிரலில் செய்ய வேண்டியது இரண்டே காரியம். ஒன்று, இரட்டை எழுத்துகளை ஒன்றாக மாற்றிவிட்டு அப்புறம் தேடுவது. இரண்டு, ஒரே சொல்லுக்குள் இரண்டு மொழி எழுத்தும் கலந்திருந்தால் அதைத் தனியே பட்டியல் போடுவது. இரண்டாவதைச் செய்தால் யார் யார் ஒளிந்தார்கள் என்று வரிசையாக வந்து நிற்கும்.

கைப்பிசகாக இருக்கக் கூடாதா? இருக்கலாம். ரஷ்ய விசைப்பலகையில் ஸகரமும் ஆங்கில 'சி'யும் ஒரே விசையில் உட்கார்ந்திருக்கின்றன. மொழி மாற்ற மறந்தால் அந்தத் தப்பு வரும். ஆனால் ரகரம் இருப்பது ஆங்கில 'எச்' விசையில். ஓகாரம் 'ஜே' விசையில். அங்கே ஆங்கில 'பி'யோ 'ஓ'வோ விழ வேண்டும் என்றால் மெனக்கெட்டு மொழி மாற்றி, வேறு விசையைத் தேடி அழுத்த வேண்டும். ஒரு சொல்லுக்குள் அப்படி மூன்று விழுந்தால் அதைப் பிசகு என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

பிறகு என்ன ஆச்சு? 2014-ல் ரஷ்யாவில் புதுக் கொள்முதல் சட்டம் வந்தது. 2021-ல் நவால்னியின் அமைப்பைத் தீவிரவாத அமைப்பு என்று நீதிமன்றம் அறிவித்தது. 2022 போருக்குப் பிறகு நிறையக் கொள்முதல் விவரங்களைச் சட்டப்படியே மூடி வைக்க முடிந்தது. எழுத்தை மாற்றும் சிரமம்கூட மிச்சம். 2024 பிப்ரவரியில் நவால்னி சிறையிலேயே இறந்தார்.

பக்கத்து நாடான உக்ரைன் வேறு வழியில் போனது. 2014 புரட்சிக்குப் பிறகு தன்னார்வலர்கள் சேர்ந்து 'புரோஸோரோ' என்ற கொள்முதல் அமைப்பைக் கட்டினார்கள். 2016 ஆகஸ்ட் 1 முதல் எல்லா அரசு அலுவலகங்களுக்கும் அது கட்டாயம். அதன் முழக்கம், 'எல்லோரும் எல்லாவற்றையும் பார்க்கலாம்'. பொருளுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் எண் குறியீட்டையே தமதாக்கிக்கொண்டார்கள். சொல்லை எப்படி எழுதினாலும் எண்ணை வைத்துப் பிடிக்கலாம். அதைவிட முக்கியம், தரவு முழுவதையும் திறந்து விட்டது. அரசாங்கம் கொடுக்கும் தேடுபெட்டியை மட்டும் நம்ப வேண்டியதில்லை, விரும்பியவர் தானே ஒன்று செய்துகொள்ளலாம்.

எனக்குப் பட்டது இவ்வளவுதான். வெளியிட்டாச்சு என்பது வேறு, தேடினால் கிடைக்கும் என்பது வேறு. வெளிப்படைத்தன்மை என்று யாராவது மேடையில் பேசினால், 'தேடினா கிடைக்குமா சார்?' என்று மட்டும் கேளுங்கள். ளகரத்துக்கும் ஔகாரக் குறிக்கும் உள்ள வித்தியாசம் சின்னதுதான். அந்த இடைவெளிக்குள் ஒரு ரோடே காணாமல் போகலாம்.

தாத்தாவின் கௌதாரியைத் திருத்திவிட்டேன். இப்போ தேடினா கிடைக்குது.