நாற்காலி மாறினால் நியாயமும் மாறுமா?



நினைவுநாள் கூட்டங்களில் இறந்தவர்களை எண்ணுகிறோம். அந்தச் சாவுகளைப் பற்றிக் கட்சிகள் சொன்ன தீர்ப்புகளையும் இன்று சேர்த்து எண்ணுவோம்.

1995 ஆகஸ்ட் 31. இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தின் கொடியங்குளத்தில் போலீஸ் புகுந்து தலித் வீடுகளைச் சூறையாடியது. ஆட்சியில் அ.தி.மு.க.; கண்டித்த எதிர்வரிசையில் தி.மு.க. 1996இல் ஆட்சி மாறியது.

1999 ஜூலை 23. மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்குக் கூலி உயர்வும், சிறையில் கிடந்தவர்களுக்கு விடுதலையும் கேட்டுத் திருநெல்வேலியில் ஊர்வலம் போனோம். போலீஸ் அடித்து விரட்டியதில் தாமிரபரணியில் 17 உயிர்கள் போயின. அதில் ஒரு குழந்தையும் உண்டு. இப்போது ஆட்சியில் தி.மு.க. கொடியங்குளத்தில் போலீஸின் குற்றத்தைக் கண்ட கண்ணுக்கு, இங்கே கூட்டத்தின் கல்வீச்சுதான் தெரிந்தது. மோகன் ஆணையமும் போலீஸ் பக்கமே நின்றது.

2011 செப்டம்பர் 11. இமானுவேல் சேகரன் நினைவுநாளில் பரமக்குடியில் துப்பாக்கிச்சூடு. 6 பேர் பலி. காரணம் சொல்லும் முறை மீண்டும் அ.தி.மு.க.வுக்கு வந்தது. சம்பத் ஆணையம் சூட்டை நியாயம் என்றது.

செயலைப் பார்த்து ஆட்சியை எடைபோட வேண்டும். இவர்களோ ஆட்சி யாருடையது என்று பார்த்துச் செயலை எடைபோடுகிறார்கள். கட்சிச் சார்பு என்பது இதுதான்.

எல்லாவற்றிலும் இவர்கள் மோதிக்கொள்வதில்லை. 1997 ஜூன் 30 அன்று மேலவளவில் ஊராட்சித் தலைவர் முருகேசன் உள்ளிட்ட 6 பேர் வெட்டிக் கொல்லப்பட்டனர். ஆயுள் தண்டனை பெற்றவர்களில் 3 பேரை 2008இல் தி.மு.க. அரசு அண்ணா நூற்றாண்டின் பேரில் விடுவித்தது. 13 பேரை 2019இல் அ.தி.மு.க. அரசு எம்.ஜி.ஆர். நூற்றாண்டின் பேரில் விடுவித்தது. கட்சிப் பகை ஓய்ந்த இடத்தில் சாதி நின்றுகொண்டிருந்தது.

நாமும் தப்பியவர்கள் இல்லை. கூட்டணியில் இருக்கும் ஆட்சியில் வன்கொடுமை நடந்தால் நம் அறிக்கை தாமதமாகிறது, சொற்கள் மென்மையாகின்றன. எதிரணியில் இருந்தால் மறுநாளே சாலை மறியல். சேரியில் எரிந்த குடிசைக்கு இந்த வேறுபாடு தெரியாது.

நன்மையையும் மறைக்க வேண்டாம். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் 1996 முதல் 10 ஆண்டுகள், இரு கட்சிகளின் ஆட்சியிலும், தலித் தலைவர் அமர முடியவில்லை. 2006இல் தி.மு.க. அரசு அங்கே தேர்தலை நடத்தி முடித்தது. அதை உரக்கச் சொல்வோம். மேலவளவு விடுதலையையும் அதே குரலில் சொல்வோம்.

எந்த ஆட்சி வந்தாலும் நம் கேள்விகள் மாறக்கூடாது. 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் எத்தனை வழக்கு பதிவானது, எத்தனை பேர் தண்டிக்கப்பட்டார்கள்? பஞ்சமி நிலம் எத்தனை ஏக்கர் மீண்டது? தலித் ஊராட்சித் தலைவர் தன் நாற்காலியில் உட்கார முடிகிறதா?

விடையை ஊர் ஊராகப் போய்க் குறித்துவைப்போம். அடுத்த தேர்தலில் ஓட்டுக் கேட்டு யார் வந்தாலும் அந்த நோட்டை அவர்கள்முன் விரிப்போம்.