காத்திருப்பது யார்?

வடிவமைப்புக்கும் ரெண்டரிங்குக்கும் வைத்திருக்கும் ஒர்க்ஸ்டேஷனை மாற்றுவதா, இன்னும் கொஞ்ச நாள் ஓட்டுவதா என்ற குழப்பத்துக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. ஸ்டான்ஃபோர்டில் பேராசிரியராக இருந்த ஜிம் கிளார்க், முப்பரிமாண உருவத்தைத் திருப்பவும் நகர்த்தவும் வேண்டிய கணக்குகளைத் தனிச் சிப்பிலேயே பதித்தார். 1980களின் தொடக்கத்தில் அதை நம்பி சிலிக்கான் கிராபிக்ஸ் நிறுவனத்தையும் தொடங்கினார். 1993இல் வந்த ‘ஜுராசிக் பார்க்’ படத்தின் கணினி டைனோசர்கள் அந்த நிறுவனத்தின் இயந்திரங்களில் உருவானவை. ஒரு மேசைக்குப் பல ஆயிரம் டாலர் கொட்டி ஸ்டுடியோக்கள் வாங்கியது வேகத்தை என்றுதான் பொதுவாகச் சொல்வார்கள். தொழில் நடந்த விதத்தைப் பார்த்தால் எனக்கு அப்படித் தோன்றவில்லை. கணக்குத் தெரிந்தவர்கள் வேலையின் ஒவ்வொரு கட்டத்திலும் காத்திருப்பது மனிதனா, இயந்திரமா என்று பார்த்துத்தான் பணத்தைப் போட்டார்கள்.

1995இல் வெளியான ‘டாய் ஸ்டோரி’ இதற்கு நல்ல சாட்சி. பிக்சாரின் அனிமேட்டர்கள் சிலிக்கான் கிராபிக்ஸ் இயந்திரங்களில் வேலை பார்த்தார்கள். முடிந்த காட்சிகளை ரெண்டர் செய்ததோ வரிசையாக அடுக்கிய 117 சன் நிறுவனக் கணினிகள். ஒரு லட்சத்துப் பதினாலாயிரத்துக்கு மேற்பட்ட ஃபிரேம்கள். ஒவ்வொன்றுக்கும் 45 நிமிடம் முதல் 30 மணி நேரம் வரை. மொத்தம் சுமார் 8 லட்சம் இயந்திர மணி நேரம், அதாவது ஒரே இயந்திரத்திடம் விட்டிருந்தால் தொண்ணூறு வருஷம் ஓடியிருக்கும். ஒரு பொம்மையின் கையை இழுத்தால் திரையில் அது அந்த நொடியே அசைய வேண்டும்; இல்லையென்றால் சம்பளம் வாங்கும் கலைஞர் சும்மா உட்கார்ந்திருப்பார். ஃபிரேம் ராத்திரி முழுக்க வெந்துகொண்டிருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. அதற்குத் திரையும் வேண்டாம், விலையுயர்ந்த கிராபிக்ஸும் வேண்டாம். ‘டைட்டானிக்’ படத்துக்காக டிஜிட்டல் டொமைன் நிறுவனம் 160 ஆல்ஃபா கணினிகளை வாங்கி, அவற்றில் 105இல் லினக்ஸைப் போட்டதும் இதே கணக்கில்தான்.

இயந்திரங்கள் பல மடங்கு வேகமான பிறகு இந்தப் பிரிவினைக்கு என்ன அவசியம் என்று கேட்கலாம். வேகம் கூடியது உண்மை, காத்திருப்பு குறையவில்லை. 2001இல் ‘மான்ஸ்டர்ஸ் இங்க்’ படத்தில் சல்லி என்ற அரக்கனுக்கு உடம்பெல்லாம் 23 லட்சத்துக்கு மேற்பட்ட ரோமங்கள் முளைத்தன. 2013இல் அதே சல்லி திரும்பி வந்த ‘மான்ஸ்டர்ஸ் யுனிவர்சிட்டி’யில் ஒரு ஃபிரேமுக்கு சராசரியாக 29 மணி நேரம் ஆனதாகச் செய்திகள் வந்தன. தொழில்நுட்பம் எவ்வளவு வளர்ந்தாலும் ரெண்டர் நேரம் மாறாது என்பதைக் கணினி வரைகலையின் முன்னோடிகளில் ஒருவரான ஜிம் பிளின்னின் பெயரால் ஒரு விதியாகவே சொல்கிறார்கள். மிச்சமாகும் நேரத்தையெல்லாம் நிழலும் ரோமமும் பிரதிபலிப்பும் தின்றுவிடுகின்றன. புது இயந்திரம் படத்தின் நுணுக்கத்தைக் கூட்டித் தரும்; சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம் என்று வாங்குகிறவர்தான் ஏமாறுவார்.

அப்படியானால் பழையதையே கட்டிக்கொண்டு அழலாமா? கூடாது என்பதற்கும் சிலிக்கான் கிராபிக்ஸின் கதையே ஆதாரம். முப்பரிமாண அனிமேஷன் மென்பொருளான சாஃப்டிமேஜை 1994இல் வாங்கிய மைக்ரோசாஃப்ட், இரண்டே ஆண்டில் அதை விண்டோஸ் என்டிக்குக் கொண்டுவந்தது. 1998இல் வந்த, அதே வகை மென்பொருளான மாயாவும் சாதாரண பிசியில் ஓடத் தொடங்கியது. 2006இல் சிலிக்கான் கிராபிக்ஸ் திவாலானது. பழைய வகை ஒர்க்ஸ்டேஷன் உற்பத்தியும் அந்த ஆண்டோடு நின்றது. அதன் மவுன்டன் வியூ வளாகத்தில் இன்று இருப்பது கூகுள். அந்தப் பெட்டிகளில் பல அப்போதும் நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தன, மென்பொருள்தான் அவற்றைக் கைவிட்டுப் போனது. 2025 அக்டோபரில் விண்டோஸ் 10க்கு ஆதரவு நின்றபோது பல டிசைனர்களைப் புதுக் கணினி வாங்க வைத்ததும் இதே நெருக்கடிதான், வேகக் குறைவு அல்ல.

பிக்சாரிடம் பணம் இருந்தது, இரண்டு வகை இயந்திரம் வைத்தது, ஒற்றைப் பெட்டியோடு தொழில் செய்கிறவருக்கு இதில் என்ன இருக்கிறது என்பது நியாயமான ஆட்சேபம். ஆனால் அந்த ஒரே பெட்டிக்குள்ளும் வேலை இரண்டாகத்தான் பிரிந்து கிடக்கிறது; டாஸ்க் மேனேஜரைத் திறந்துவைத்தால் கண்ணுக்கே தெரியும். மாடலைத் திருப்பும்போது திரை திக்கித்திணறுகிறது, ஒரு கோர் மட்டும் மூச்சுமுட்ட ஓடுகிறது, மற்றவை சும்மா இருக்கின்றன என்றால் அங்கே காத்திருப்பது மனிதன். அதிகக் கோர் உள்ள பிராசசரை வாங்கிப் போட்டு அந்தத் திணறலைத் தீர்க்க முடியாது, ஒவ்வொரு கோரும் வேகமாக இருக்க வேண்டும். ரெண்டரில் எல்லாக் கோர்களும் நூறு சதவீதத்தில் நின்றால் அது இயந்திரத்தின் வேலை: இரவில் விடலாம், மூலையில் கிடக்கும் பழைய கணினிக்குப் பிரித்துக் கொடுக்கலாம், வாடகை ரெண்டர் ஃபார்முக்கும் அனுப்பலாம். கிராபிக்ஸ் கார்டில் ரெண்டர் செய்கிறவர்களின் பாடு வேறு. காட்சி கார்டின் நினைவகத்துக்குள் அடங்கவில்லை என்றால் ரெண்டர் பாதியில் நின்றுவிடும், அல்லது ரேமுக்கு வழிந்து ஊர்ந்துகொண்டிருக்கும். டெக்ஸ்சர்களைச் சிறிதாக்கியும் அடங்காவிட்டால் நினைவகம் கூடிய கார்டை வாங்கித்தான் ஆக வேண்டும். பிராசசரும் மற்றதும் பழையபடியே இருக்கலாம்.